சூளைக்குப் போகாத கல்

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் தரைக்குப் போடும் பூக்கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பைக் கண்ணாடியே தந்துவிடுகிறது. ஆலை செராமிக் ஓட்டுக்கோ ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். சிமென்ட் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான், அதற்கும் எரிபொருள் போகிறது. பூக்கல்லின் விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதில் உள்ளூர்க் கைகளின் கூலி இருக்கிறது. பதித்த கல்லும் தலைமுறை தாண்டி உழைக்கிறது. இந்தக் கல் பதித்த பழைய செட்டிநாட்டு வீடுகளுக்கும் இதே கணக்குதான்: இடித்துத் தேக்குத் தூணை விற்றால் காசு ஒரு முறை, விடுதியாக்கினால் கொத்தனார், தச்சர், சமையற்காரர் என ஆண்டு முழுக்கப் பலருக்கு வேலை.