காப்புக்குப் பிறகுதான் சிறுதேர்

தலைப்பு: பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியது பொறுப்பா? வீண் பயமா?
('பொறுப்பே' என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே வீற்றிருக்கிற, தீர்ப்பு வருகிற வரைக்கும் சந்தோஷமாக வீற்றிருக்கப் போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! கூடியிருக்கும் பெருமக்களே! தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. "கல்யாண மண்டபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. அங்கெல்லாம் வராத கொரோனா பள்ளிக்கூடத்து வாசல்ல மட்டும் பாய் விரிச்சுப் படுத்திருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்விக்கு எதிரணியில் இருந்தாலும் தட்டணும். (கைதட்டல்)

ஆனா பதில் இருக்கு. கல்யாண மண்டபத்தில் பிள்ளை அம்மா கைப்பிடியில் இருக்கு. பக்கத்தில் ஒருத்தர் இருமினா, அம்மா எழுந்து வேற நாற்காலிக்குப் போயிடுவா. பள்ளிக்கூடத்தில் காலையில் விட்டால் சாயங்காலம் வரைக்கும் அந்த உயிர் அடுத்தவர் பொறுப்பில் இருக்கிறது. தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பிள்ளையை விடும்போதுதான் பெற்றவளுக்குக் கேள்வி வரும். அதுக்காக மண்டபத்துக்குப் போனது சரி என்று நான் வாதாட வரவில்லை. அது தப்புதான். ஓரிடத்தில் அசட்டையாக இருந்த மனிதன் எல்லா இடத்திலும் அசட்டையாகவே இருந்து தொலைக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா நடுவர் அவர்களே? (சிரிப்பு)

எதிரணித் தலைவர், "பயம் கோழைத்தனம்" என்றார். வள்ளுவர் அச்சத்தைப் பற்றிப் பேசுகிறார். எங்கே பேசுகிறார்? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவாளிகளின் தொழில் என்ற கருத்தை அவர் எந்த அதிகாரத்தில் வைத்தார்? 'அறிவுடைமை' என்ற அதிகாரத்தில்! படையையும் வீரத்தையும் அவ்வளவு பாடியவர், பயத்துக்கும் ஒரு நாற்காலி போட்டு அறிவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அந்த நாற்காலியை எதிரணி பிடுங்கலாமா? (பலத்த கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். ஒரு நிமிஷம் வகுப்பெடுக்காமல் விட மாட்டேன். (சிரிப்பு) பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை நம்மிடம் இருக்கு. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவார்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று போகும். இதில் முதல் பருவம் எது? காப்பு! 'இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள்' என்று தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிடுவார் புலவர். கொஞ்சுவது அப்புறம், முத்தம் அப்புறம், நிலாவைக் கூப்பிடுவது அப்புறம். முதல் வேலை காப்பு.

அந்தக் காலத்தில் குழந்தைக்கு ஐம்படைத்தாலி கட்டினார்கள். திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சின்னதாகச் செய்து கழுத்தில் போடுவார்கள். 2021-இல் நம்ம வீட்டு அம்மாவும் ஐம்படைத்தாலி கட்டித்தான் அனுப்பினாள். முகக்கவசம் ஒன்று, கை கழுவுற சானிடைசர் ரெண்டு, தனித் தண்ணி பாட்டில் மூணு, கைக்குட்டை நாலு, புறப்படும்போது மூக்கைப் பிடித்து ஊற்றிய கபசுரக் குடிநீர் அஞ்சு! (சிரிப்பு, கைதட்டல்) இதைப் பார்த்து எதிரணி சிரிக்கலாம். எனக்கு அதில் ரெண்டாயிரம் வருஷத்துத் தாய் தெரிகிறாள்.

அந்த நாட்களைக் கொஞ்சம் வரிசையாக நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். நவம்பர் 9-ஆம் தேதி பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். 16-ஆம் தேதி திறப்பதாக இருந்தது, தள்ளிப் போனது. 2021 ஜனவரியில் மறுபடியும் கேட்டார்கள். 19-ஆம் தேதி 10, 12-ஆம் வகுப்புகளுக்குத் திறந்தது. பிப்ரவரி 8-இல் 9, 11-ஆம் வகுப்புகள். மார்ச் 22-இல் 9, 10, 11 மறுபடி மூடல். அதற்கப்புறம் வந்ததுதான் ரெண்டாவது அலை. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் தொற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். செப்டம்பர் 1-ஆம் தேதி 9 முதல் 12 வரை திறக்கிறோம் என்றார்கள்.

மே மாசத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவில் எத்தனை மாசம்? செத்த வீட்டில் விளக்கு வைத்து முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிக்குது. அந்தத் தாய் நடுங்காமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன். அரசைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நோயே நாளுக்கொரு வேஷம் போட்டது. நோய் மாறினால் உத்தரவு மாறும். உத்தரவு மாறினால் பெற்றவன் மனசு மட்டும் மாறாமல் பாறை மாதிரி இருக்கணுமா?

நவம்பர் 1-ஆம் தேதி 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்தோம். அன்றைக்கு நிலைமை என்ன? அப்பாவுக்குத் தடுப்பூசி இருந்தது, ஆசிரியருக்கு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு? 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே 2022 ஜனவரி 3-ஆம் தேதிதான் ஊசி ஆரம்பித்தது. ஆறு வயசுக் குழந்தை ஊசி இல்லாமல்தான் உள்ளே போனது. வீட்டில் சர்க்கரை வியாதியோடு ஒரு பாட்டி இருக்காங்க. பிள்ளைக்கு லேசான சளியோடு போயிடலாம். அதே சளி பாட்டியை என்ன செய்யும்? இந்தக் கணக்கைப் போட்டவளைப் பார்த்து 'வீண் பயம்' என்று சொல்ல எப்படி ஐயா மனசு வருது?

எங்க தெருவில் ஓர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. 2021 ஜனவரியில், பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று பெற்றோர் கடிதம் தரவேண்டும் என்றார்களே, அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "ஐயா, இதைப் படிச்சா சைக்கிள் ஸ்டாண்டு சீட்டு மாதிரி இருக்குய்யா" என்றான். "என்னப்பா சொல்றே?" என்றேன். "அதுலயும் பின்னாடி போட்டிருப்பான்யா, 'பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு!" (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சிரிச்சிட்டோம். சிரிச்ச பிறகு அவன் கேட்டதை யோசிக்கணும். "நான் கையெழுத்துப் போடுறேன்யா. என் பிள்ளை, என் பொறுப்பு. வகுப்புல சன்னல் திறந்திருக்குமா, குழாய்ல தண்ணி வருமா, ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர், இதுக்கு யாரு கையெழுத்துப் போடுவா?" நடுவர் அவர்களே, இது வீண் பயமா? பள்ளிக்கு எழுதித் தருகிறவனுக்குப் பள்ளியிடமும் ஒன்று எழுதி வாங்க உரிமை இல்லையா?

இனி எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் போனால் நீங்களே விட மாட்டீர்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வை எடுத்து வைத்தார்கள். ஐந்து மாநிலங்களில் 16,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அதில் 92 விழுக்காட்டினர் முந்தைய வருஷம் தெரிந்திருந்த மொழித் திறனில் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். அந்த ஐந்தில் தமிழ்நாடு இல்லை. அப்படி நழுவ நான் விரும்பவில்லை. நம்ம பிள்ளையும் மறந்துதான் போனான். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, முதன்முதலாக வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பில்! ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாமலே அதைத் தாண்டிய தலைமுறை அது.

வீட்டில் செல்போன் ஒன்று, பிள்ளைகள் மூணு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. கேள்வி கேட்டால் தொலைக்காட்சி திரும்பிப் பேசுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தட்டில் விழுகிற சோறு அந்தப் பிள்ளைக்கே விழுகிற சோறு. வீட்டுக்கு வந்த அரிசி, வீட்டில் எத்தனை வயிறோ அத்தனையாகப் பங்கு போயிடும். சில பையன்கள் வேலைக்குப் போனார்கள். சில பெண்பிள்ளைகள் கழுத்தில் தாலியே ஏறியது. இதெல்லாம் நடந்தது. மறுக்கிறவன் மனுஷன் இல்லை.

இன்னொரு கணக்கும் அவர்கள் பக்கம் இருக்கு, நானே எடுத்துத் தருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்தது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஊசியே போடாத பிள்ளைக்கு அது எப்படி வந்தது? நோய் ஏற்கனவே வந்து போயிருக்கு! பள்ளி மூடியிருந்தபோதே வந்திருக்கு. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாங்கியும் இருக்கிறார்கள்.

எதிரணி சந்தோஷப்படுது. (சிரிப்பு) கொஞ்சம் பொறுங்க. இந்தக் கணக்கு எங்கே இருந்தது? டெல்லியில் இருந்தது. பத்திரிகையில் இருந்தது. அந்த ஆட்டோ ஓட்டுகிற தம்பியிடம், அவன் பாஷையில், உட்கார வைத்து யார் சொன்னது? அவனுக்கு வந்தது எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. 'மூணாவது அலை குழந்தைகளைத் தாக்கும்' என்ற செய்திதான் வந்தது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு, தெரியாதவனைக் கோழை என்பது நியாயமா?

தயங்கின பெற்றோர் படிப்புக்கு விரோதிகளா? அதற்கும் சாட்சி இருக்கு. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். சொல்லித் தருகிறவர் அதே ஊரின் தன்னார்வலர். பிள்ளைகளை அனுப்பினார்களா இல்லையா? அனுப்பினார்கள். ஏன்? அடுத்த தெருப் பொண்ணு. தெரிஞ்ச முகம். எட்டிப் பார்த்தால் தெரிகிற திண்ணை, காற்று வருகிற மரத்தடி. பயம் எங்கே போச்சு? நம்பிக்கை உள்ளே வந்ததும் அது தானாக எழுந்து இடம் கொடுத்துவிட்டது. (கைதட்டல்) கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் அனுப்புங்கள் என்று 2021-இல் சொன்னபோதும் இதுதான் நடந்தது. முதல் நாள் பாதிப் பேர் வாசலிலே நின்று பார்த்தார்கள். சன்னலைப் பார்த்தார்கள். டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

ஒரே ஒரு விஷயம். இங்கே கைதட்ட வேண்டாம். 2004 ஜூலை 16. கும்பகோணம். கூரைப் பள்ளியில் தீ. 94 குழந்தைகள். அன்றைக்குக் காலையில் அந்தக் குழந்தைகளுக்குத் தலை சீவி, பொட்டு வைத்து அனுப்பின தாய்மார்கள் யாரும் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்தை நம்பினார்கள். அவர்கள் செய்தது தப்பே இல்லை, பிள்ளையை நம்பி விடுவதற்காகத்தானே பள்ளி? ஆனால் அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டுப் பெற்றோர் பள்ளிக்கூடத்துக் கூரையை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். படிக்கட்டு அகலமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கீற்றுக் கூரைகள் இறங்கின. இன்றைக்கு உங்கள் பிள்ளை ஓடு தாண்டி, காங்கிரீட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தப் பயமும் அதற்கு ஒரு காரணம். கேள்வி கேட்கிற பெற்றோர் இருக்கிற ஊரில்தான் பள்ளிக்கூடம் பத்திரமாக இருக்கும். (அமைதி)

ஆகவே நடுவர் அவர்களே, எதிரணி சொன்ன இழப்பு உண்மை. அந்த இழப்பைப் பெற்றோரின் தயக்கத்தின் தலையில் கட்டுவதுதான் அநியாயம். பள்ளியை மூடியது நோய். திறக்க நாள் குறித்தது அரசு. நடுவில் வாசலில் நின்றவன் பெற்றவன். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ரெண்டு பக்கமும் பயம் இருந்தது. அனுப்பினால் நோய்ப் பயம். அனுப்பாவிட்டால் பூட்டின வீட்டுக்குள் பிள்ளை தனியா என்ன செய்யுமோ என்ற பயம். ரெண்டு பயத்தையும் ஒரு முந்தானையில் முடிந்துகொண்டுதான் அவள் வேலைக்குப் போனாள். அதற்குப் பேர் பொறுப்பு இல்லை என்றால், அகராதியில் அந்தச் சொல்லையே எடுத்துடலாம். (பலத்த கைதட்டல்)

நாளைக்கு இன்னொரு நோய் வராது என்று யாராலும் எழுதித் தர முடியாது. வந்தால் என்ன செய்யப் போகிறோம்? பெற்றோரைத் திட்டாதீங்க. பள்ளிக்குக் கூப்பிடுங்க. சன்னலைத் திறந்து காட்டுங்க. குழாயைத் திருகிக் காட்டுங்க. தெரிந்த கணக்கைத் தமிழில் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் அஞ்சு நிமிஷத்தில் யார் என்ன செய்வார்கள் என்று சொல்லுங்க. அதுக்கப்புறம் பாருங்க, அவளே பையை மாட்டி அனுப்புவா.

பிள்ளைத்தமிழ் காப்பில் தொடங்குகிறது என்றேன். ஆண்பால் பிள்ளைத்தமிழ் எங்கே முடியும் தெரியுமா? சிறுதேரில்! குழந்தை தானே சின்னத் தேரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிற பருவம். காப்பிலேயே நிறுத்தி வீட்டுக்குள் பூட்டி வைக்கணும்னு எந்தப் புலவரும் பாடவில்லை, எந்தத் தாயும் நினைக்கவில்லை. தெருவில் தேர் ஓடணும். அதுக்கு முன்னால் தெருவில் முள் இருக்கா, பள்ளம் இருக்கா என்று குனிந்து பார்த்தவள் தாய். அவள் குனிந்து பார்த்த அந்த நேரத்துக்குப் 'பொறுப்பு' என்று பேர் வையுங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)