இளநீர் யாருக்காக?



வெயிலுக்கு இதமாக இளநீர் குடிக்கிறோம். அது வேர் உறிஞ்சிக் காய்க்குள் ஏற்றிவைத்த வெறும் தண்ணீர் அல்ல. ஒரு பெண் பூவுக்குள் நடந்த இரண்டு சேர்க்கைகளில் இரண்டாவதால் உண்டானது அது. அந்த இரண்டாவது சேர்க்கையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தென்னம்பாளை வெடித்ததும் கவனியுங்கள். கதிர்களில் நெருக்கமாக, ஆயிரக்கணக்கில் இருப்பவை ஆண் பூக்கள். கதிரின் அடியில் உருண்டையாக ஒன்றிரண்டு இருக்குமே, குரும்பை என்கிறோமே, அவை பெண். நெட்டை மரத்தில் ஆண் பூக்கள் உதிர்ந்து ஓய்ந்த பிறகுதான் பெண் பூ பக்குவமாகும். ஆகவே அதற்குப் பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தம் வந்துசேர வேண்டும். காற்றும் தேனீயும் கொண்டுவருகின்றன. தோப்பில் தேனீ இருப்பது தென்னைக்காரருக்கு லாபம். பாளை விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் நல்லது.

பெண் பூவின் சூல்முடியில் ஒட்டிய மகரந்தத்தூள் அங்கேயே முளைக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்று கீழ்நோக்கி நீண்டு சூலைத் தொடுகிறது. குழலுக்குள் வருபவை இரண்டு ஆண் அணுக்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மற்றொன்று என்ன ஆகிறது?

1898ஆம் ஆண்டில் செர்கேய் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் அதைக் கண்டுபிடித்தார். லில்லிக் குடும்பத்துச் செடிகளின் சூலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, இரண்டாவது ஆண் அணு சூலின் நடுவே உள்ள உட்கருக்களோடு சேர்வது தெரிந்தது. அதிலிருந்து பிறப்பது கருவூண். கன்று தன் காலில் நிற்கும்வரை உண்ண, தாய் மரம் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. தென்னையின் கருவில் 32 குரோமோசோம்கள், கருவூணில் 48. தாயின் பங்கு இரண்டு மடங்கு, தகப்பன் பங்கு ஒன்று.

தென்னையில் இந்தக் கருவூண் முதலில் நீராகவே இருக்கிறது. இடையில் சுவர் எழாமல் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பிரிந்து அந்த நீரில் மிதக்கின்றன. பல மாதம் கழித்து ஓட்டின் உட்புறத்தில் படிந்து வழுக்கையாகி, பிறகு பருப்பாகிறது. நாம் உண்ணும் அரிசியும் பெரும்பகுதி கருவூண்தான். ஊருக்கே சோறு போடுவது இந்த இரண்டாவது சேர்க்கை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கருவுக்கான உணவு என்பதால் இளநீருக்கு அணுக்களைப் பெருகத் தூண்டும் ஆற்றல் உண்டு. 1941இல் தாவர ஆய்வாளர் வான் ஓவர்பீக்கும் உடன் ஆய்வாளர்களும் ஊமத்தையின் மிக இளம் கருக்களை வெளியே எடுத்து, தேங்காய் நீர் சேர்த்த ஊட்டக் கலவையில் வளர்த்துக் காட்டினார்கள். திசு வளர்ப்புக் கூடங்களில் அது இன்றும் பயன்படுகிறது.

சரி, கரு எங்கே? தேங்காயின் மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் கண்ணுக்கு அடியில், பருப்புக்குள் சின்னதாகப் பதிந்திருக்கிறது. முளைக்கத் தொடங்கியதும் அதன் ஒரு முனை கண் வழியே வெளியேறுகிறது. மறுமுனை உள்ளே பஞ்சு உருண்டையாகப் பெருத்து ஓட்டின் உட்புறத்தையே நிரப்புகிறது. தெருவோரத்தில் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்களே, அது பூ அல்ல, கன்றின் உறிஞ்சும் உறுப்பு. பருப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, இலை விட்டு வேர் ஊன்றும்வரை பல மாதங்கள் முளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பது அதுதான்.