வளர்த்தது வருமானமா, கடனா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே!

அமெரிக்க ஜனாதிபதி ரீகன் கொண்டுவந்த வரிக்குறைப்பு அந்த நாட்டில் வளர்த்தது வருமானத்தையா, கடனையா? கடனைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால பேசின அண்ணன் என்ன சொன்னார்? "வரியைக் குறைச்சா முதலாளி கையில பணம் மிஞ்சும். தொழிற்சாலை கட்டுவார், வேலை கொடுப்பார், உற்பத்தி பெருகும், அரசாங்கத்துக்கு வரி தன்னால கூடும்"னார். இதுக்குப் பேரு அளிப்புப் பக்கப் பொருளாதாரம். கேட்க இனிப்பாத்தான் இருக்கு!

எங்க வீட்டுக்காரரும் ஒருநாள் இப்படித்தான் சொன்னார். "இனிமே வீட்டுச் செலவுக்குப் பாதிதான் தருவேன். மீதியைத் தொழில்ல போட்டு ரெண்டு மடங்கா கொண்டுவர்றேன்." சரின்னேன். ரெண்டு மடங்கானது எது தெரியுமா நடுவர் அவர்களே? மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டுல எங்க பாக்கி! (சிரிப்பு, கைதட்டல்)

1974-ல வாஷிங்டன்ல ஒரு ஓட்டல். ஆர்தர் லாஃபர்ங்கிற பொருளாதார நிபுணர் கைதுடைக்கிற துணியில ஒரு மலை மாதிரி கோடு போட்டுக் காட்டினார்னு ஒரு கதை உண்டு. வரியே இல்லேன்னா அரசுக்கு வருமானம் இல்லை. நூத்துக்கு நூறு வரின்னா எவனும் உழைக்க மாட்டான், அப்பவும் வருமானம் இல்லை. நடுவுல எங்கேயோ உச்சி. சரியான பேச்சுதான்! ஆனா நாம நிக்கறது உச்சிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தத் துணியில அது இல்லையே!

ரீகன் வந்தபோது உச்சபட்ச வருமான வரி 70 சதவீதம். 1981 சட்டத்தால அது 50 ஆச்சு. 1988-ல 28 ஆச்சு. வரவைக் குறைச்சவர் செலவையாவது குறைச்சாரா? ராணுவத்துக்கு அள்ளிக் கொடுத்தார். 1981 தொடக்கத்துல அமெரிக்க அரசின் கடன் ஒரு லட்சம் கோடி டாலருக்கும் கீழே. அவர் 1989-ல இறங்கிப் போகும்போது இரண்டரை லட்சம் கோடிக்கும் மேலே! 1982-லேயே சில வரிகளைத் திரும்ப ஏத்தினார். வருமானம் தன்னால கூடும்னா, ஏங்க ஏத்தணும்?

நியாயமாப் பேசுறேன். விலைவாசி ஏற்றம் 1980-ல 13 சதவீதத்துக்கும் மேல இருந்தது, 1988-ல 4 சதவீதம் அளவுக்கு இறங்கிச்சு. ஆனா அதை இறக்கினது யாரு? மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர், வட்டியை ஏத்தி இறக்கினார். 1982 கடைசியில வேலையில்லாதவங்க 10.8 சதவீதம். பிறகு வட்டி இறங்கிச்சு, வேலையும் வந்தது. வரிக்குறைப்புக்கும் அதுல பங்கு உண்டுன்னே வெச்சுக்குவோம். ஆனா அது தன் செலவைத் தானே ஈடுகட்டலையே!

அந்தக் காலத்துக் கதைன்னு தள்ளாதீங்க. கான்சாஸ் மாநிலத்துல 2012-ல ஆளுநர் சாம் பிரவுன்பேக் இதே மருந்தைக் கொடுத்தார். வருமானம் சரிஞ்சது. 2015-ல பணமில்லாம சில ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கோடை விடுமுறைக்கு முன்னாடியே மூடினாங்க. 2017-ல அவர் சொந்தக் கட்சிக்காரங்களே நிறைஞ்ச சட்டசபை, அவர் மறுத்தும் கேக்காம, வரியைத் திரும்பக் கொண்டுவந்தது.

யோசிச்சுப் பாருங்க. கோடு போட்டவருக்கு நஷ்டமில்லை. வரி குறைஞ்ச கோடீஸ்வரருக்கும் நஷ்டமில்லை. பள்ளிக்கூட வாசல்ல பூட்டைப் பார்த்துத் திரும்பின பிள்ளைக்குத்தான் நஷ்டம். அப்பன் வாங்கின கடனை அண்ணாச்சி கடைசியில மகன்கிட்டதானே கேப்பார்?

ஆகவே, வளர்ந்தது கடனே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள்.