பிள்ளை விழுந்தால் நேரம் பார்க்காதீர்கள்
(பம்பலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசும் சங்கம் இன்று பிள்ளைகளின் தலையைப் பற்றிப் பேசுகிறது. லயத்துப் படிக்கட்டு, கொங்கிரீட் வாசல், மழையில் வழுக்கும் பாதை எல்லாம் நாம் அறிந்தவை. இங்கே பம்பலப்பிட்டி தொடர்மாடிகளிலும் பிள்ளைகள் விழுகிறார்கள். ஆனால் இங்கிருந்து பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை கிட்ட. தோட்டத்திலிருந்து அப்படியல்ல. அதனால்தான் அறிகுறிகளை நாங்களே தெரிந்திருக்க வேண்டும்.

சிறு பிள்ளையின் தலை உடம்பின் அளவோடு பார்த்தால் பாரமானது, மண்டையோடு மெல்லியது. அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தால் அது மூளையை அழுத்தும். விழுந்த பிள்ளை எழுந்து விளையாடலாம். சில மணி நேரம் கழித்துத்தான் சோர்ந்து போகும். "வீங்கியிருக்கு, சரியாகிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிதல், காது மூக்கிலிருந்து இரத்தமோ தண்ணீரோ வடிதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, ஓயாமல் அழுகிறதா என்று பாருங்கள். அழும் குழந்தையைக் கோபத்தில் பிடித்து உலுக்காதீர்கள். அதனாலும் மூளையில் இரத்தம் கசியும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கழுத்தை அசைக்காமல் படுக்க வையுங்கள். குடிக்கக் கொடுக்க வேண்டாம். மூளைச் சத்திர சிகிச்சை கொழும்பு, கண்டி போன்ற சில பெரிய வைத்தியசாலைகளில்தான் நடக்கும். ஆகவே தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வருவது போதாது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் கவனியுங்கள், இரவில் எழுப்பிப் பாருங்கள்.

பிழைத்த பிள்ளைக்கும் பின்னால் வலிப்பு, ஞாபக மறதி, படிப்பில் பின்னடைவு, கோபம் வரலாம். அது சோம்பலல்ல, பேயுமல்ல. கிளினிக்கை விடாதீர்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

ஒரு நாள் பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயின் பேரை வெட்டக் கூடாது என்பதும் நமது கோரிக்கைதான். இரவில் வாகனம், லயத்துப் படிகளுக்குக் கைபிடி, பிள்ளை மடுவத்துக்கு வேலி: இந்த மூன்றையும் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுத்தில் கொடுப்போம்.