கண்டி நாட்டில் ஓர் ஆங்கிலேயர்

இக்காலத்தில் கண்டி மாநகரைக் காணச் செல்லும் வெளிநாட்டார் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையில் உலாவி, பேராதனைப் பூந்தோட்டத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாட்களில் புறப்பட்டு விடுகின்றனர். அவர்கள் கொண்டு செல்லும் புகைப்படங்கள் பல; அந்நாட்டு மக்களின் வாழ்வைப் பற்றி அறிந்து செல்வதோ மிகச் சில. ஆயின், அந்த ஏரியும் தோட்டமும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, அம்மலைநாட்டில் 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அதன் வாழ்க்கை முறையை உலகுக்கு எடுத்துரைத்த ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ராபர்ட் நாக்ஸ். அவர் விரும்பி வந்த யாத்திரிகர் அல்லர். அரசனின் கைதியாக இருந்தவர்.

நாக்ஸின் தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குரிய 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலில் அக்கப்பலின் பாய்மரம் சேதமுற்றது. புதிய மரம் வெட்டிச் சீர்செய்து கொள்வதற்காக அவர்கள் திருகோணமலையை அடுத்த கொட்டியாறுக் குடாவை அடைந்தனர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், 1660இல், தந்தையும் மகனும் உட்பட 16 பேரைச் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். மகனுக்கு அப்போது வயது 19. அவர்கள் பிடிபட்ட இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் ஒன்று, மூதூரில் ஒரு புளியமரத்தடியில் 1893ஆம் ஆண்டு நாட்டப்பெற்றது.

சிறை என்றதும் இருட்டறையும் இரும்புச் சங்கிலியும் நம் நினைவுக்கு வருகின்றன. கண்டி அரசனின் சிறையோ வேறு வகையானது. மலையும் காடுமே அதன் மதில்கள். கைதிகள் ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பெற்றனர்; அவர்களுக்குச் சோறிடும் கடமை அவ்வவ்வூர் மக்களைச் சார்ந்தது. நாக்ஸும் தந்தையாரும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் தங்கினர். அங்கே இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. 1661ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் இறந்தார். எழுந்து நடக்கவும் வலிமையற்றிருந்த மகன், வேலைக்காரச் சிறுவன் ஒருவனின் துணையோடு குழி தோண்டி, அவரை அடக்கம் செய்தார்.

அதன் பின்னர் அவர் வாழ வழி தேடினார். நூலால் தொப்பி பின்னி விற்றார். பலரும் அத்தொழிலில் இறங்கவே விலை இறங்கிற்று. நெல்லைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு 50 வீதம் வட்டியும் நெல்லாகவே பெற்றார். கோழியும் ஆடும் வளர்த்தார். தலையில் சுமை வைத்து ஊர்தோறும் பண்டம் விற்றார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தை என்னும் ஊரில், 25 இலாரி கொடுத்து ஒரு நிலம் வாங்கி வீடும் கட்டிக் கொண்டார். இலாரி என்பது வளைத்த வெள்ளிக் கம்பியாலாகிய அக்கால நாணயம். ஒருமுறை, முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலிய நூல் இருக்கக் கண்டு, தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். அவருடைய செல்வங்களுள் தலையாயது அதுவே.

சிறைப்பட்ட ஆங்கிலேயர் பலர் அவ்வூர்ப் பெண்களை மணந்து அங்கேயே நிலைத்து விட்டனர். நாக்ஸ் மணம் புரிய மறுத்தார். மனைவி மக்கள் வந்துவிட்டால் விடுதலை வேட்கை தளர்ந்துவிடும் என்று அவர் அஞ்சினார்.

இவ்வாறு உழைத்து உண்டமையால், வழிப்போக்கர் காணாத பலவற்றை அவர் கண்டார். ஏழு மாதத்தில் விளையும் நெல் முதல் மூன்று மாதத்தில் விளையும் நெல் வரை அங்குள்ள வகைகளையும், வயலுக்குள்ள நீரின் அளவறிந்து உழவர் விதையைத் தெரிந்தெடுக்கும் திறத்தையும் குறித்தார். தாளிப்பனையின் ஓர் ஓலை பலரை மழையினின்று காப்பதையும், படைவீரர் அதனைக் கூடாரமாக்குவதையும் விவரித்தார். பெரஹரா விழாவையும் கண்டார். புத்தரின் தந்தப் பேழை அவ்விழாவில் இடம்பெற்றது 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேயாம். நாக்ஸ் கண்டதோ தெய்வங்களுக்குரிய யானை ஊர்வலம். அத்தெய்வங்களுள் கதிர்காமக் கடவுளும் பத்தினித் தெய்வமும் உண்டு. அப்பத்தினி நம் கண்ணகியே என்பதை நேயர்கள் அறிவர்.

பண்டம் விற்கச் சென்ற பயணங்களுக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வடக்கே சென்று, நாக்ஸ் பாதைகளை அறிந்து வந்தார். 1679ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழருடன் வணிகரைப் போலவே புறப்பட்டு அனுராதபுரத்தை அடைந்தார். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையோரமாக, யானைகள் திரியும் காட்டில் நடந்து, அக்டோபர் 18ஆம் நாள் மன்னாரை அடுத்த அரிப்பில் டச்சுக்காரரின் கோட்டையைச் சேர்ந்தார். மறு ஆண்டில் தாயகம் திரும்பினார்.

கப்பல் பயணத்தின்போதே அவர் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். அறிவியல் அறிஞர் ராபர்ட் ஹூக்கின் முன்னுரையோடு, 1681இல் இலண்டனில் அந்நூல் வெளியாயிற்று. ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அரசனின் கொடுமையைக் கடிந்துரைக்கும் அந்நூல், தமக்குச் சோறிட்ட குடிமக்களின் வாழ்வைப் பொறுமையோடு விவரிக்கிறது. கண்டி இராச்சியத்தின் அன்றாட வாழ்வை ஆராய்வோர் இன்றும் அதனையே நாடுகின்றனர்.

இக்கதை இங்கே முடிந்திருப்பின் நம் உள்ளம் நிறைவெய்தும். ஆனால், தாயகம் திரும்பிய நாக்ஸ் கம்பெனியின் கப்பல் தலைவரானார். மடகாஸ்கர் தீவில் அடிமைகளை வாங்கி, செயின்ட் ஹெலினாத் தீவுக்குக் கொண்டு செல்லும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் அதனை ஏற்றார். தம் விடுதலைக்காக 19 ஆண்டுகள் ஏங்கிய ஒருவர், பிறருடைய விடுதலையை விலைக்கு வாங்கத் தயங்கவில்லை. துன்பம் மனிதனுக்குக் கூர்மையான கண்ணைத் தரக்கூடும். இரக்கத்தையும் உடன் தரும் என்பதற்கு உறுதியில்லை.

நாக்ஸ் 1720ஆம் ஆண்டு காலமானார். எலதெத்தை உழவர்கள் உண்டதையும் உடுத்ததையும் விதைத்ததையும் அவர் எழுதி வைத்தமையால் நாம் அறிகிறோம். அவர் கப்பலில் ஏற்றப்பட்ட மடகாஸ்கர் மக்களும் ஏதோ ஓர் ஊரில் உண்டு, உடுத்து, விதைத்து வாழ்ந்தவர்களே. அவர்களுடைய வாழ்வைப் பற்றி அவர் அத்தகைய நூல் ஒன்றை வெளியிடவில்லை.