கிளம்ப மறுக்கும் புல்வெட்டி இயந்திரம்



காலைப் பெரட்டு முடிந்து செம்பனைக் காட்டுக்குள் வந்தாகிவிட்டது. புல்வெட்டி இயந்திரத்தைக் கீழே வைத்துக் கயிற்றை இழுக்கிறோம். சத்தமில்லை. பத்து முறை, இருபது முறை இழுக்கிறோம். தோள்பட்டை வலிக்கிறது. கார்புரேட்டர் திருகுகளை இப்படியும் அப்படியுமாகத் திருகிப் பார்க்கிறோம். வெயில் ஏறிவிடுகிறது. வெட்டிய அளவுக்குத்தான் கூலி என்றால், அந்தக் காலைப் பொழுது வீண் போனதுதான். அன்றைய குறை மாதக் கடைசியில் கடைக் கணக்கில் வந்து நிற்கிறது.

பழைய இயந்திரம் கிளம்பாமல் போவதற்குக் காரணங்கள் ஒரு சிலவே. அவற்றை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். வரிசை தவறினால் இல்லாத கோளாறையும் நாமே உண்டாக்கிவிடுவோம்.

முதலில் இந்த இஞ்சினைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசஃப் டே என்பவர் வகுத்த முறையே இதற்கு அடிப்படை. மரம் அறுக்கும் சங்கிலி வாளிலும், பழைய கோல்ஃப் வண்டிகள் சிலவற்றிலும் இருப்பது இதே முறைதான். இதில் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறைக்குள் புகுந்து, பிறகே மேலே போய் எரிகின்றன. அந்த அறையில் மசகெண்ணெய் தேக்கி வைப்பதில்லை. அதனால்தான் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்கிறோம்.

இனி வரிசைக்கு வருவோம்.

முதலாவது, சுவிட்சும் பெட்ரோலும். நிறுத்தும் சுவிட்ச் அணைந்த நிலையிலேயே இருக்க, நாம் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. அடுத்து, தொட்டியில் உள்ள பெட்ரோல் எத்தனை நாளையது? கலந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை நம்பக் கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் பகுதி ஆவியாகிப் போயிருக்கும். புதிதாகக் கலந்து ஊற்ற வேண்டும். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். 50க்கு 1 என்றால் 20 மில்லிலிட்டர். நம் இயந்திரத்துக்கு எது என்பதை அதனுடன் வந்த கையேட்டில் பார்க்க வேண்டும். எண்ணெய் கூடினால் புகையும் கரியும் மிகும். குறைந்தாலோ பிஸ்டன் தேய்ந்து இஞ்சினே இறுகிப்போகும்.

இரண்டாவது, பிளக். இஞ்சின் ஆறிய பிறகு அதைக் கழற்றிப் பார்ப்போம். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. கரி படிந்திருந்தால் எண்ணெய் கூடுதல், அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் எரிதல் சரியாக நடந்திருக்கிறது.

நனைந்திருந்தால் பிளக்கைத் துடைத்துக் காய வைப்போம். சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலேயே கயிற்றை நாலைந்து முறை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

மூன்றாவது, தீப்பொறி. இதில் கவனம் மிக அவசியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி நிற்கும். ஆகவே பெட்ரோல் கலனையும் சிகரெட்டையும் தூரத்தில் வைத்துவிட்டு, பெட்ரோல் சிந்தாத இடத்துக்கு இயந்திரத்தைத் தள்ளி வைப்போம். பழைய பிளக்கைத் துளையில் மீண்டும் பூட்டிவிடுவோம். புதிய பிளக் ஒன்றைக் கம்பியின் தொப்பியில் மாட்டி, அதன் உடல் இஞ்சின் உலோகத்தைத் தொடும்படி ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டு மற்றொருவர் கயிற்றை இழுக்கட்டும். நீல நிறப் பொறி தெரிந்தால் மின்சாரப் பகுதி நன்றாக இருக்கிறது. புதிய பிளக்கையே பூட்டிவிடலாம். பொறி இல்லையென்றால், சுவிட்சுக்குப் போகும் கம்பி எங்காவது தோலுரிந்து உலோகத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, பெட்ரோல் வரும் வழி. தொட்டிக்குள் இருக்கும் சிறு வடிகட்டி, வெடித்துப்போன ரப்பர் குழாய், மூடியில் உள்ள காற்றுத் துளை ஆகியவற்றைப் பார்ப்போம். சிறிது நேரம் ஓடி நின்றுவிடும் இயந்திரத்தின் மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

ஐந்தாவது, காற்றும் புகையும். ஸ்பாஞ்ச் வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய வைத்து மாட்டலாம். புகைக்குழாயில் கரி அடைத்திருந்தாலும் இஞ்சின் கிளம்பாது. அதை மரக்குச்சியால் சுரண்டலாம். கரித்தூள் உள்ளே விழாதபடி பிஸ்டன் அந்தத் துளையை மூடியிருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்ப்போம். கையை எதிர்த்துத் தள்ளும் இறுக்கம் இல்லையென்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். இறுக்கம் இருந்தும் கிளம்பாவிட்டால், கீழ் அறையின் இரு பக்கத்திலும் உள்ள ரப்பர் சீல்கள் காற்றைக் கசியவிடலாம். இவை கடையில் பார்க்க வேண்டிய வேலைகள். 'பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் கிளம்பவில்லை' என்று சொல்லிக் கொடுத்தால், தேவையில்லாத பொருளுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியிராது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவோம். மாற்றியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமலேயே போய்விடும். கார்புரேட்டர் திருகைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். நேற்று வரை ஓடிய இயந்திரத்தின் திருகு இரவில் தானாகத் திரும்பியிருக்காது.

வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்த வரிசையைச் சொல்லிக் கொடுப்போம். ஒரு புதிய பிளக்கும் ஒரு பிளக் சாவியும் எப்போதும் பையில் இருக்கட்டும். வேலைக்குப் போகும் காலைப் பொழுதைக் காப்பாற்ற அவ்வளவே பெரும்பாலும் போதும்.