கல்பனா சாவ்லாவும் தலைவிதியும்



பெண்ணுக்கு இயந்திரப் படிப்பு எதற்கு, அடுப்பங்கரை போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதிலாக, கல்பனா சாவ்லா என்னும் பெண்ணின் சரித்திரத்தைச் சொல்லுகிறோம்.

வட நாட்டிலே கர்நால் என்ற ஊரில் பிறந்த அவர், சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து 1982-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று மேற்படிப்புப் படித்து, 1988-ல் கொலராடோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். நாசா ஸ்தாபனத்திலே, விமானத்தைச் சுற்றிக் காற்று ஓடும் விதத்தைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். 1994-ல் விண்வெளிப் பயணத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, 1997 நவம்பரில் கொலம்பியா என்னும் விண்வெளி ஓடத்தில் ஏறிப் பூமியைச் சுற்றி வந்தார். இந்தியாவில் பிறந்த பெண்களில் விண்வெளிக்குப் போன முதல்வர் இவரே.

தோழர்களே! இந்த யோக்கியதை எந்த விரதத்தால் வந்தது? எந்த அரச மரத்தைச் சுற்றியதால் வந்தது? கணக்கும் பௌதிகமும் படித்ததால் அல்லவா வந்தது?

2003 ஜனவரி 16-ல் அவர் இரண்டாந்தடவை புறப்பட்டார். பிப்ரவரி 1-ல் திரும்புகையில் ஓடம் உடைந்து சிதறி, அவருள்பட ஏழு பேரும் மாண்டார்கள். இதைக் கேட்டதும் நம் வைதிகர்கள் தலைவிதி என்பார்கள். புறப்பட்ட நேரம் சரியில்லை என்பார்கள். விசாரணைக் குழுவார் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. சிதறிய துண்டுகளைப் பொறுக்கிச் சோதித்தார்கள். கிளம்பிய சுமார் 82-வது வினாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப் பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையை உடைத்திருக்கிறது. காற்று மண்டலத்திற்குள் திரும்பும்போது உண்டான அனல் அவ்வழியே புகுந்து இறக்கையை அழித்துவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். துண்டு மோதியதைப் படத்தில் கண்ட என்ஜினீயர்கள், ஓடம் மேலே இருக்கும்போதே இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டார்கள். மேலதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை. முன்னேயும் நுரை பெயர்ந்து விழுந்ததுண்டு, ஒன்றும் ஆகவில்லையே என்ற பழக்கம் அவர்கள் கண்ணை மறைத்தது. பெரியவர்கள் செய்துவந்த வழக்கம் என்று நம் ஊரில் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விதியென்று விட்டிருந்தால் அடுத்த ஓடத்திற்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம். காரணத்தைத் தேடியபடியால், 2005-ல் மறுபடி பறந்தபோது மேலேயே இறக்கையைக் காமிராவால் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். அதன் பின், 2011-ல் அவ்வோடங்களை நிறுத்தும் வரை ஒன்றுகூட அழியவில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் பெண் மக்களின் ஜாதகத்தை ஜோசியனிடம் நீட்டாதீர்கள். அவர்களைப் படிக்க வையுங்கள். ஏன், எப்படி என்று அவர்கள் கேட்டால் வாயை அடக்காதீர்கள். வீடானாலும், நாசாவைப் போன்ற பெரிய ஸ்தாபனமானாலும், கேள்வியை அடக்கினால் நஷ்டம் உயிர் வரையில் போகும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.